அமெரிக்கா சாவு பேண்டு

அந்த அமெரிக்காக்காரர்கள் ஐந்து பேர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போனார்கள். கோபமெல்லாம் என் மாமா மேல். அதற்கப்புறம் என் மேல். இத்தனை வருஷம் கழித்தும் யாராவது பிடிலை எடுத்து இரண்டு தந்தியைச் சேர்த்து இழுத்தால் எனக்கு ஆகாது. எழுந்து வெளியே போய்விடுவேன். வீட்டில் எல்லோருக்கும் இந்த வழக்கம் தெரியும், காரணம் தெரியாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் என் தாய்மாமா ஒரு பேண்டு செட் வைத்திருந்தார். கிளாரினெட் ஒன்று, டிரம்பெட் இரண்டு, பெரிய டிரம், சைடு டிரம், கடைசியில் பிடிலோடு நான். பேண்டு செட்டில் பிடிலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். அதற்கு முன் ஒரு நாடகக் கம்பெனியில் வாசித்துக்கொண்டிருந்தேன். யுத்தத்தில் கம்பெனி கலைந்துபோக, மாமா எனக்கு ஒரு சிவப்புக் கோட்டையும் தொப்பியையும் மாட்டி வரிசையில் நிறுத்திவிட்டார். டிரம் அடிக்கிற அடியில் என் பிடில் எனக்கே கேட்காது. கல்யாணத்துக்கும் கூப்பிடுவார்கள், சாவுக்கும் கூப்பிடுவார்கள். ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்குப் பரங்கிப்பேட்டையில் ஒரு பாய் சிநேகிதம். யுத்த காலத்தில் கல்கத்தாவில் கடை வைத்திருந்தவர். அமெரிக்கச் சிப்பாய்கள் ஊருக்குக் கப்பலேறும்போது சுமக்க முடியாததையெல்லாம் கடைத்தெருவில் தள்ளிவிட்டுப் போனார்களாம். அப்படி அவர் கைக்கு வந்தது ஒரு பெட்டி கிராமபோனும் ஆறு பாட்டு பிளேட்டும். ஆறும் ஒரே கோஷ்டி வாசித்தது. பெட்டிக்குள் அவர்கள் படம் போட்ட நோட்டீஸ் ஒன்றும் மடித்து வைத்திருந்தது. அகலத் தொப்பி போட்ட ஐந்து பேர், பின்னால் வைக்கோல் வண்டி. ஒருத்தன் பிடிலைக் கழுத்தில் வைக்காமல் மார்பில் அண்டக் கொடுத்திருந்தான். ஒருத்தனிடம் கிதார், ஒருத்தனிடம் சல்லடைக்குக் கழுத்து முளைத்த மாதிரி தோல் போர்த்த ஒரு தந்தி வாத்தியம்.

அவர்கள் சரித்திரத்தையே பாய் சொன்னார். பெட்டியை விற்ற சிப்பாய் சொல்லிக் கேட்டதாம். "இவுங்கள்ளாம் குடியானவப் புள்ளைங்க மாமா. பகல்ல மாடு மேய்க்கிறது, சாயங்காலமானா வைக்கப்போருகிட்ட ஒக்காந்து வாசிக்கிறது. அப்புறம் ஒரு மாவு கம்பெனிக்காரன் கூட்டிக்கிட்டுப் போயி ரேடியோவுல வாசிக்க வச்சான். ஒரு பாட்டு, ஒடனே எங்க மாவ வாங்குங்கன்னு ஒரு கூவல். அதுல பேராயி, லாரி வச்சிக்கிட்டு ஊர் ஊரா போயிருக்காங்க. அந்தச் சிப்பாய்ப் பையன் இவுங்க ஊர்ப் பக்கமாம். பிளேட்ட என் கையில குடுக்குறப்ப பொலபொலன்னு அழுவுறான்."

"அழுதானா?" என்றார் மாமா. பாய் சொன்ன கதையில் அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பிளேட்டைப் போட்டோம். சாவி முழுக்கக் கொடுத்தாலும் தட்டு செக்கு மாடு போலத்தான் சுற்றியது. பிடில் தேம்பித் தேம்பி வந்தது. பாடுகிறவன் குரல் கிணற்றுக்குள் விழுந்த எருமை கத்துகிற மாதிரி இருந்தது. நடுநடுவே யாரோ நீளமாக ஊளையிட்டான். எங்களில் யாரும் அதற்கு முன் அமெரிக்கப் பாட்டு கேட்டதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மாமா வீட்டில் வேறு யார் பிளேட்டும் கிடையாது. குளிர் தேசத்துத் தொண்டை அப்படித்தான் கட்டிப்போயிருக்கும் என்று சைடு டிரம்காரர் விளக்கம் வேறு சொன்னார்.

"பாத்தியாடா, வாய்விட்டு அழுவுறான்" என்றார் மாமா. "அவுங்க அப்பன் கிப்பன் செத்திருப்பான். சாவு வீட்டுக்குன்னே கட்டுன பாட்டுடா இது. நம்ம கைக்கு வந்துடுச்சி பாரு."

ஒரு மாதம் அந்தப் பெட்டியில் காதை ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தேன். இரண்டு தந்தியை ஒரே வில்லில் இழுக்கிற வித்தை எனக்குப் புதிது. கை பிடிபட்டதும், பொய் சொல்வானேன், எனக்கு அது பிடித்துப்போயிற்று. அந்தப் பாட்டில் பிடில்தான் முன்னால் போகும், மற்றதெல்லாம் பின்னால் வரும். வாழ்நாளில் முதல்முறையாகப் பேண்டில் என் வாத்தியம் நாலு பேர் காதில் விழப்போகிறது. டிரம்மை அடக்கி வாசிக்கச் சொல்லி மாமாவே அதட்டினார்.

முதல் வாசிப்பு காடாம்புலியூரில், முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவர் சாவுக்கு. எப்போதடா போவார் என்று காத்திருந்த மருமகள்கள்கூட எங்கள் பாட்டைக் கேட்டு மூக்கைச் சிந்தினார்கள். அவ்வளவுதான், பேர் பரவிவிட்டது. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், முதுநகர் என்று ஆள் வர ஆரம்பித்தது. 'அமெரிக்கா சாவு பேண்டு' என்று ஊரே பேர் வைத்தது. அந்தப் பேண்டு வந்தால்தான் எடுப்போம் என்று பிணத்தை வாசலில் போட்டுக்கொண்டு காத்திருந்தவர்களும் உண்டு. கல்யாணத்துக்குக் கூப்பிடுவது அதோடு நின்றுபோனது.

சாவு வாசிப்பு என்றால் என்ன என்று வாசித்தவனைக் கேளுங்கள். சாமந்தி நாற்றம், சாராய நாற்றம், வெளியூர் மகன் வரட்டும் என்று வைத்திருந்த பிணமாக இருந்தால் அந்த நாற்றம், எல்லாம் சேர்ந்து கோட்டில் ஏறிக்கொள்ளும். துவைத்தாலும் போகாது. முன்னால் நாலு பேர் குடித்துவிட்டு ஆடுவார்கள். ஒருத்தன் என் முழங்கையைப் பிடித்து, "இன்னும் அழுத்திப் போடுய்யா, எங்க சித்தப்பா என்னா சும்மா ஆளா?" என்பான். இறைக்கிற பொரி வாயிலும் விழும், கண்ணிலும் விழும். வீட்டுக்கு வந்து குளித்து, வாயைக் கொப்பளித்து, மறுபடி குளிப்பேன்.

மாமாவுக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. ஊரில் பேதி கண்டால் அந்த மனுஷர் முகத்தில் ஒரு களை வந்துவிடும். காலையில் பல் விளக்கிக்கொண்டே, "முதுநகர் பக்கம் ஜாஸ்தியா இருக்காம்டா, கோட்ட எடுத்து வெயில்ல போடு" என்பார். தூ! கூடப் பிறந்தவள் மகன் என்றுகூடப் பார்க்காமல் என் வாயாலேயே காறித் துப்ப வைத்த ஆள் அவர்.

பிடில் பெட்டியோடு தெருவில் இறங்கினால் "யார் ஊட்டுல?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெட்டியைப் பார்த்துவிட்டு எழுந்து போவார். எனக்கு இருபத்தாறு வயது. நாலு இடத்தில் பெண் கேட்டு நாலு இடத்திலும் கையை விரித்துவிட்டார்கள். ஓர் இடத்தில் மாமா வாசல் தாண்டியதும் அவர் நின்ற இடத்தில் சாணி தெளித்தார்களாம். அதையும் சிரித்துக்கொண்டே வந்து சொன்னார்.

ஐந்தாவது இடம் சிதம்பரம். கோயிலுக்குத் தெற்கு வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள். தரகரிடம் மாமா நாக்கு கூசாமல் சொல்லிவிட்டார்: மாப்பிள்ளை நாடகக் கம்பெனியில் பிடில் வித்வான், நம்மிடம் கல்யாண பேண்டும் இருக்கிறது. பெண் வீட்டார் விசாரிக்க அனுப்பிய ஆளை ரயிலடியிலேயே மடக்கி, காபி கிளப்பில் வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். அந்த ஆள் ஊருக்குள் காலே வைக்கவில்லை.

பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு அவள் உள்ளே போகவில்லை. நேராக என்னைப் பார்த்து, "பிடில் கத்துக்கிட எத்தினி வருசம் ஆவும்?" என்று கேட்டாள். ஏழெட்டு வருஷம் ஆகும் என்றேன். "அப்ப நான் கெழவியான பிறகுதான் வாசிப்பேன்" என்று சிரித்தாள். அவள் அம்மா தொடையில் கிள்ளினார். அந்தச் சிரிப்பில் நான் விழுந்தேன், எழுந்திருக்கவே இல்லை. உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். வாயில் பஜ்ஜி இருந்தது, மென்றுகொண்டிருந்தேன். இந்தக் கல்யாணம் நடந்தால் மாமனார் கடையில் பாத்திரம் விற்றாவது பிழைத்துக்கொள்வேன், அந்தக் கோட்டைக் கழற்றி எறிவேன். நடக்காவிட்டால் சாகிறவரைக்கும் பிணத்துக்கு முன்னால்தான் நடக்க வேண்டும். எனக்கு இரண்டே வழிதான் தெரிந்தது.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது கிராமபோன் அடியோடு நின்றுவிட்டது. சிதம்பரம் மேல வீதியில் ஆர்மோனியமும் கிராமபோனும் ரிப்பேர் செய்கிற ஒருவர் இருந்தார். துணி எடுக்கச் சிதம்பரம் போகிற சாக்கில் பெட்டியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் உள்ளே திறந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். புது ஸ்பிரிங் போட்டு, எண்ணெய் விட்டு, சாவி கொடுத்து, என் பிளேட்டையே எடுத்து வைத்தார்.

பிடில் ஜட்கா குதிரை மாதிரி பிய்த்துக்கொண்டு ஓடியது. பாடினவன் எங்கள் எருமை அல்ல, யாரோ குறும்புக்கார வாலிபன், பாட்டுக்கு நடுவே சிரித்துக்கொண்டு பாடினான். ஊளை என்று நாங்கள் நினைத்தது குஷி தாங்காமல் போட்ட கூச்சல். தெருவில் பூ விற்றுக்கொண்டு போனவர் கூடையை இறக்கிவைத்து விரலால் தாளம் போட்டார். ரிப்பேர்காரர் தலையை ஆட்டிக்கொண்டே, "டான்ஸ் பாட்டு. கல்யாணம் காட்சின்னா போட்டு ஆடுவாங்க போல. ஸ்பிரிங்கு எத்தினி நாளா போயிருந்துச்சி?" என்றார்.

"ரெண்டு வருசமா."

"அடப்பாவி! அப்ப நீங்க எதத்தான் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. பிரசவத்தில் போன பெண், பேதியில் போன குடும்பஸ்தன், தூக்குப் போட்டுக்கொண்டவன், அத்தனை பேரையும் ஒரு குத்தாட்டப் பாட்டை இழுத்து இழுத்து வாசித்துச் சுடுகாட்டுக்கு அனுப்பியிருக்கிறோம். கேட்டவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்களே! ஒரு துருப்பிடித்த ஸ்பிரிங்கை நம்பி ஒரு ஜில்லாவையே அழவைத்திருக்கிறோம். அட கர்மமே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். அந்தப் பாழாய்ப்போன யோசனை அப்போதுதான் வந்தது. பாட்டு கல்யாணப் பாட்டுதானே? என் மாப்பிள்ளை அழைப்பில் அதை அதன் சொந்த வேகத்தில் வாசித்தால் என்ன? சிதம்பரம் மூக்கில் விரல் வைக்கும். நாடகக் கம்பெனி வித்வான் என்று மாமா அளந்ததும் உண்மை போல ஆகிவிடும். பெண் பார்க்கப் போன அன்று வாசித்துக் காட்டாத பிடிலை அவள் கேட்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.

மாமா புது ஸ்பிரிங்கில் பாட்டைக் கேட்டுவிட்டுப் பதறிப்போனார். "கெடுத்துட்டானேடா! நல்லா இருந்த மெஷின்ல ஜாஸ்தி ஸ்பிரிங்க போட்டுட்டான். பாட்டு பயந்து ஓடுது பாரு" என்றார். எவ்வளவு சொல்லியும் அந்த மனுஷர் நம்பவில்லை. கடைசியில், "ஒன் கல்யாணம், என்னா எழவையோ வாசிச்சிக்க" என்று விட்டுவிட்டார். கிளாரினெட்காரர் மட்டும் என்னைத் தனியாக இழுத்துப்போய், "வேணாம் மச்சான். வேகமா வாசிச்சாலும் மெட்டு அதே மெட்டுதானே" என்றார். சிதம்பரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம், வெளிச்சம் இன்னும் இருந்தது. பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். வாடகைக்குப் பிடித்த மூடியில்லாத காரில் மாலையும் கழுத்துமாக நான். முன்னால் பேண்டு. தெற்கு வீதி திரும்பியதும் கண்ணைக் காட்டினேன், அந்தப் பாட்டை எடுத்தார்கள். நான் காரில் எழுந்து நின்று பிடிலை வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளையே வாசிக்கிறார் என்று சனங்கள் கைதட்டினார்கள். சிலர் முண்டாசைக் கழற்றிச் சுற்றி ஆடினார்கள். அன்றைக்கு வாசித்த மாதிரி நான் என்றைக்கும் வாசித்ததில்லை. பெண் வீடு வந்துவிட்டது, எனக்கு நிறுத்த மனசில்லை.

வாசலில் பெண்ணின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். முதலில் சிரித்த முகம்தான். பிறகு எதையோ யோசிக்கிறவர் போலப் பேண்டையே பார்த்தார். தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். அப்படியே தெருப் புழுதியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வயிற்றில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, எம் புள்ளயத் தூக்கிட்டுப் போறாங்களே!"

டிரம் நின்றது. டிரம்பெட் நின்றது. என் வில்தான் கடைசியாக நின்றது.

அவர்களுக்கு ஒரு மகன் இருந்து தவறிவிட்டான் என்று தரகர் சொல்லியிருந்தார். எங்கே, எப்படி என்று நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பெண்ணின் அப்பா மாமாவிடம் வந்து, "கடலூர் சாவு பேண்டு நீங்கதானா?" என்று கேட்டார். மாமா அசரவில்லை. "சேச்சே, நாங்க கல்யாண பேண்டுங்க. வேற யாரோ நம்ம மெட்ட எடுத்து வாசிச்சிருப்பாங்க" என்றார். அந்த அம்மாள் தரையில் புரண்டுகொண்டிருக்கிறார், இவர் மெட்டுக்கு உரிமை கொண்டாடுகிறார். அங்கேயே நாண்டுகொண்டு செத்துவிடலாம் போல இருந்தது.

அவள் வெளியே வந்தாள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. யாரும் தடுக்கவில்லை. காருக்குப் பக்கத்தில் வந்து நின்று என்னைப் பார்த்தாள்.

"போன மாசி மாசம், முதுநகர்ல. எங்க அண்ணன் துறைமுகத்துல குமாஸ்தாவா இருந்தாரு. படகு கவுந்து போயிட்டாரு. கம்பெனிக்காரங்க பேண்டு வச்சாங்க. நாங்க ரயில்ல வந்து எறங்குறதுக்குள்ள பாட்டு ஆரம்பிச்சிடுச்சி. வாசிச்சது நீங்களா?"

மாமா எனக்குப் பின்னாலிருந்து என் மாப்பிள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தார். இவளிடமாவது உண்மையைச் சொல்வோம் என்று, "நான்தான்" என்றேன். சொன்னேனே தவிர, எனக்கு அந்தச் சாவு நினைவே இல்லை. மாசியில் எத்தனையோ வாசித்தோம். பிணத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பதே என் வழக்கம்.

"எங்க அண்ணன் மொகம் ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. யாராவது இருக்கிறது என்று சொல்லமாட்டார்களா என்பது போலக் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளை ஆறுதல்படுத்திவிட்டால் போதும், கல்யாணம் தப்பிவிடும் என்று உள்ளே கணக்குப் போட்டேன். "இருக்கு. தூங்குற மாதிரி இருந்தாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சி" என்றேன்.

அவள் காரிலிருந்து ஓரடி பின்னால் தள்ளி நின்றாள்.

"மூணு நாள் கழிச்சிக் கரையில ஒதுங்குன ஒடம்பு. மொகம்னு ஒண்ணும் இல்ல. துணி சுத்தித்தான் எடுத்தாங்க. எங்கம்மா காலுல வுழுந்து கெஞ்சினாங்க, அவுங்களுக்கே காட்டல."

சொல்லிவிட்டு அம்மாவை எழுப்பித் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப் போனாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

அவள் அப்பா எங்களைத் திட்டுவார், ஆள் வைத்து அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சமையல்கட்டை ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சமைச்சது வீணாப் போவக் கூடாது. சாப்டுட்டுக் கெளம்புங்க" என்றார். அவரே இலை போட்டார். பேண்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பிறகு வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா பாயசம் இரண்டு தரம் வாங்கினார். உள்ளே அந்த அம்மாள் அழுகிற சத்தம் பந்தல்வரைக்கும் தெளிவாகக் கேட்டது. எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு நல்ல பசி. மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.